முதல் வகுப்பில் போகலாமா?



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பூசை முடிந்து நான் வெளியே வந்தபோது, நம் பங்கைச் சேர்ந்த ஒரு தம்பதிகள் வேப்பமரத்தடியில் எனக்காகக் காத்து நின்றார்கள். முகத்தைப் பார்த்தாலே வீட்டில் ஒரு வழக்கு நடந்து, தீர்ப்புக்காக வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது.

கணவர் சொன்னார்: "சாமி, வருகிற மே மாதம் எங்களுக்குக் கலியாணமாகி இருபத்தைந்து வருஷம் நிறைகிறது. லண்டனில் இரண்டு நாள் தங்கிவிட்டு, அங்கிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டி நியூயார்க் போய் ஒரு வாரம் ஊர் சுற்றிப் பார்த்து வரலாமென்று இருக்கிறோம். விமானத்தில் முதல் வகுப்பு எடுக்கலாம் என்கிறேன் நான். இவள் கூடாது என்கிறாள். எல்லாம் நான் உழைத்துச் சம்பாதித்த பணம். இதில் என்ன பாவம் இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்."

அந்த அம்மாள் குறுக்கிட்டு, "பாவமென்று நான் சொல்லவில்லை, சாமி. மனசுக்கு ஒப்பவில்லை என்றுதான் சொன்னேன்" என்றாள்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. யோசித்து எழுதுகிறேன் என்றேன். பெயர் சொல்லாமல் எழுதினால் ஆட்சேபமில்லை என்று இருவரும் சம்மதித்தார்கள். நம்மில் பெரும்பாலோர் விமானத்தில் முதல் வகுப்பை எட்டிக்கூடப் பார்க்கமாட்டோம். ஆயினும் இந்தக் கேள்வி எல்லாருக்கும் உரியது என்பதைக் கடைசியில் காண்பீர்கள்.

இதற்குச் சுலபமான பதில்கள் இரண்டு உண்டு. "உன் பணம், உன் இஷ்டம்" என்பது ஒன்று. "ஏழைகள் பசித்திருக்கையில் சொகுசெல்லாம் பாவம்" என்பது மற்றொன்று. முதலாவது, செல்வவானையும் லாசரையும் பற்றிய உவமையை மறந்துவிடுகிறது. வாசலில் கிடந்தவனை அந்தச் செல்வவான் அடித்தான் என்றோ, அவன் பொருளைத் திருடினான் என்றோ சுவிசேஷம் சொல்லவில்லை. கண்டும் காணாதிருந்தான், அவ்வளவுதான். இரண்டாவது பதிலோ, சொல்லுகிறவனையே முதலில் மாட்டிவைக்கும். மின்விசிறியும் குளிர்சாதனப் பெட்டியும் ஒரு காலத்தில் சீமான் வீட்டுச் சொகுசுகள். இன்று நம் பங்கில் எத்தனை வீட்டில் அவை இல்லை? சொகுசென்றாலே பாவமென்றால் நம்மில் யாரும் தப்ப முடியாது.

ஆகையால் முதலில் நம் கண்முன் இருப்பதைப் பார்ப்போம். தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ல். அந்தப் பாதையின் வண்டிகளில் இன்றும் முதல் வகுப்புப் பெட்டி உண்டு. இரண்டாம் வகுப்பைவிடப் பல மடங்கு கட்டணம். அதில் ஏறினவரும், கதவருகே தொங்கிக்கொண்டு வருகிறவரும், ஒரே நிமிஷத்தில்தான் எழும்பூரில் இறங்குகிறார்கள். அப்படியானால் அதிகப் பணம் கொடுத்தவர் வாங்கியது என்ன? உட்கார இடம், கொஞ்சம் காற்று, நெரிசலின்மை. இதயநோயுள்ள ஒருவர் அதை வாங்கினால் குறை சொல்வோமா? மாட்டோம். 2025 ஏப்ரலில் கடற்கரைக்கும் செங்கற்பட்டுக்கும் இடையே குளிர்சாதன வண்டியும் வந்துவிட்டது. வெயிலில் அதில் ஏறுகிறவனைப் பாவசங்கீர்த்தனத்துக்கு வரச்சொல்லி நான் கூப்பிடப் போவதில்லை.

அதே ரயில் திரிசூலம் நிலையத்தில் நிற்கும்போது, ஜி.எஸ்.டி. சாலைக்கு அப்பால் விமானங்கள் இறங்குவதும் ஏறுவதும் தெரியும். அவற்றிலும் கணக்கு இதுவே. முன்னால் படுத்துப் போகிறவரும் பின்னால் முழங்கால் இடிக்க உட்கார்ந்து போகிறவரும் ஒரே நேரத்தில் லண்டன் சேர்வார்கள். விலை மட்டும் நாலைந்து மடங்கு, சில சமயம் அதற்கும் மேல். இடமும் அப்படியே அதிகம் பிடிக்கிறது. நீண்டதூர விமானத்தில் முதல் வகுப்புப் பயணி ஒருவர் பங்குக்கு வரும் கரிப்புகை, சாதாரண வகுப்புப் பயணியின் பங்கைப்போல் சுமார் நாலு மடங்கு என்று பிரிட்டிஷ் அரசாங்கத்தின் கணக்கு சொல்லுகிறது.

உடம்பின் தேவை என்பதும் பொய்யல்ல. நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால், காலின் உள் நரம்புகளில் ரத்தம் உறையும் அபாயம் இரண்டு மூன்று மடங்கு கூடுகிறது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2007-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. விமானம் மட்டுமல்ல, கார், பஸ், ரயில் எதுவானாலும் அப்படியே. ஆரோக்கியமுள்ளவர்களில் ஏறத்தாழ 6,000 பேரில் ஒருவருக்குத்தான் அது நேரிடும். எழுந்து நடப்பதும் காலை ஆட்டுவதும் பெரும்பாலோர்க்குப் போதும். வயோதிகர், நோயாளிகள், அறுவைச் சிகிச்சையானவர்கள் விஷயம் வேறு. அவர்களுக்குக் காலை நீட்ட இடம் வாங்கிக் கொடுப்பது மருந்து வாங்கிக் கொடுப்பது போன்றது.

இன்னொரு சங்கதியையும் கவனியுங்கள். அட்லாண்டிக்கைத் தாண்டும் விமானங்களில் குறைந்த கட்டணமுள்ள சுற்றுலா வகுப்பு என்ற ஒன்று ஏற்பட்டது 1952-ல்தான். அதுவரை அந்தப் பயணம் பணக்காரருக்கே உரியதாயிருந்தது. பள்ளிக்கூட ஆசிரியரும் குமாஸ்தாவும் கடலைத் தாண்டிப் பறக்க வழி பிறந்தது அந்தப் பின் இருக்கைகளால்தான். ஆகையால் பின்னால் உட்காருவது அவமானம் என்று நினைக்கிறவன் சரித்திரம் அறியாதவன்.

காந்தியடிகள் 1917-ல் பம்பாயிலிருந்து சென்னைக்கு மூன்றாம் வகுப்பில் வந்து, தாம் பட்டதையும் கண்டதையும் எழுதினார். முதல் வகுப்புக் கட்டணம் மூன்றாம் வகுப்பைவிட ஐந்து மடங்குக்கு மேல். ஆனால் மூன்றாம் வகுப்புப் பயணிக்கு முதல் வகுப்பின் வசதியில் ஐந்தில் ஒரு பங்காவது, பத்தில் ஒரு பங்காவது கிடைக்கிறதா என்று கேட்டார். முதல் வகுப்பை ஒழிக்க வேண்டுமென்று அவர் அப்போது கேட்கவில்லை. வைசிராயும் மகாராஜாக்களும் முன்கூட்டிச் சொல்லாமல் எப்போதாவது ஒருமுறை மூன்றாம் வகுப்பில் ஏறிப் பார்க்கட்டும் என்றே யோசனை சொன்னார். நம் ரயில்களில் மூன்றாம் வகுப்பு எடுபட்டது 1974-ல். அந்தக் கஷ்டத்தை அனுபவிக்கிறவனுக்குக் கேட்க வாய் இல்லை, வாய் உள்ளவனுக்கோ அது தெரியவில்லை என்பதே காந்தியடிகள் கண்ட குறை.

சரி, திருச்சபையின் போதனை என்ன? குருமடத்தில் எங்களுக்கு அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் என்னும் மகா சாஸ்திரியின் ஒழுக்கநெறியைக் கற்பித்தார்கள். ஒருவனுடைய பொருளை அவர் மூன்றாகப் பிரிக்கிறார். உயிர் வாழ அவசியமானது ஒன்று. தன் குடும்பத்தோடு தன் நிலைமைக்குத் தக்கபடி வாழ அவசியமானது இரண்டாவது. இவ்விரண்டும் போக மிஞ்சுவது மூன்றாவது. இரண்டாவதற்கு இவ்வளவுதான் என்று அணுப்பிசகாத கோடு போட முடியாது என்பதை அவரே ஒப்புக்கொள்ளுகிறார். ஆனால் கோடு மங்கலாயிருப்பதால் கோடே இல்லையென்று ஆகாது. மூன்றாவது பங்கில் ஏழைகளுக்கு உரிமை உண்டு. 13-ம் சிங்கராயர் பாப்பரசர் 1891-ல் தொழிலாளர் நிலைமையைப் பற்றி எழுதிய நிருபத்தில் இதையே எடுத்துச் சொன்னார். அதே நிருபத்தில், வேலை செய்தவனுக்கு நியாயமான கூலியைக் கொடுப்பது தருமமல்ல, நீதி என்பதையும் அழுத்திச் சொன்னார். நீதியின் கடன் தீராமல் தருமத்தைப் பற்றிப் பேசுவது வீண். ஆடம்பரத்தைப் பற்றிப் பேசுவது அதைவிட வீண்.

இது வரையில் புத்தகத்தில் படித்தது. இனி நான் என் வாழ்வில் படித்ததைச் சொல்லவேண்டும். அது எனக்குப் பெருமை தருவதல்ல.

சில வருஷங்களுக்கு முன்பு, அமெரிக்காவிலிருக்கும் ஓர் உபகாரி என்னை அங்கே அழைத்தார். அன்பினால் முன் வகுப்பிலேயே டிக்கெட் வாங்கி அனுப்பினார். மறுத்தால் அவர் மனம் வருந்தும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கும் ஆசைதான். சென்னையிலிருந்து லண்டன் வரை காலை நீட்டிப் படுத்து நன்றாகத் தூங்கினேன். இறங்கி நடக்கும்போது, நீண்ட நடைபாதையின் ஓரத்தில் அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றார். பாதம் வீங்கிச் செருப்பில் நுழையவில்லை. என்னைப் பார்த்ததும், "தம்பி, நியூயார்க் பிளேனுக்கு எந்தப் பக்கம் போகணும்?" என்று கேட்டார்.

விசாரித்தால், நமக்குப் பக்கத்துப் பங்கு! மகளுக்குப் பிரசவ நேரம். மூன்று மாதம் தங்கிப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போகிறார். பையில் பிரசவ லேகியமும், வறுத்து இடித்த பொடிகளும். விமானத்தில் அவருக்கு நடு இருக்கை. இரண்டு பக்கமும் ஆடவர்கள். எழுந்திருங்கள் என்று அவர்களைக் கேட்கக் கூச்சப்பட்டு, பத்து மணி நேரத்துக்கு மேல் ஒருமுறைகூட எழுந்திருக்கவில்லை. தண்ணீர் குடித்தால் எழ வேண்டியிருக்குமென்று தண்ணீரும் குடிக்கவில்லை. ஒரு திரைக்கு முன்னால் நான், பின்னால் அவர். ஒரே ஊர், ஒரே பாஷை, ஒரே வேதம். இரவு முழுவதும் அவர் அங்கே இருந்தது எனக்குத் தெரியாது.

பையை வாங்கிக்கொண்டு அவரை அடுத்த விமானம் வரைக்கும் கூட்டிப்போனேன். அதிலும் என் இடம் முன்னால்தான். "என் இடத்தில் இந்த அம்மாளை உட்கார வைக்கலாமா என்று கேள்" என்று மனம் சொல்லிற்று. விதிகள் இருக்குமே, வேடிக்கை பார்ப்பார்களே, அவரே சங்கடப்படுவாரே என்று நியாயங்கள் தேடினேன். தேடிக்கொண்டே இருந்தேன். விமானம் கிளம்பிவிட்டது. கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பார்களோ என்னவோ, நான் கேட்கவே இல்லை. அட்லாண்டிக்கின் மேல் ஏழெட்டு மணி நேரம், அதே மெத்தையில் எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்து பின்னால் போய் அவரைப் பார்க்கவாவது செய்தேனா? வெட்கத்தினால் அதுவும் இல்லை.

அந்தப் பயணத்திலிருந்து எனக்கு அடிக்கடி ஞாபகம் வருகிறவர், அதே சமுத்திரத்தில் உயிர் விட்ட ஒரு குரு. அவர் பெயர் தாமஸ் பைல்ஸ், இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பகுதியில் ஒரு சிறு பங்கின் சுவாமியார், வயது 42. நியூயார்க்கில் தம்பியின் விவாகத்தை மந்திரித்து வைப்பதற்காக 1912 ஏப்ரல் மாதம் டைட்டானிக் கப்பலில் ஏறினார். அவர் எடுத்தது மூன்றாம் வகுப்பு அல்ல, இரண்டாம் வகுப்பு. அந்தக் கப்பலில் இரண்டாம் வகுப்பும் வசதியானதே. ஞாயிற்றுக்கிழமை, ஏப்ரல் 14-ந் தேதி காலை, இரண்டாம் வகுப்பு மக்களுக்குப் பூசை வைத்தார். பிறகு மூன்றாம் வகுப்பு மக்களுக்கும் வைத்தார். அன்றிரவு கப்பல் பனிப்பாறையில் மோதியது. மூன்றாம் வகுப்பு மக்களைப் படகுகள் இருந்த தளத்துக்கு ஏற்றிவிட்டும், பாவசங்கீர்த்தனம் கேட்டும், ஜெபமாலை சொல்லியும் அவர் நடமாடியதைப் பிழைத்தவர்கள் சொன்னார்கள். படகில் இடம் கொடுத்தும் ஏறவில்லை. அவர் உடலும் கிடைக்கவில்லை. அந்தக் கப்பலின் முதல் வகுப்பு மக்களில் பத்துக்கு ஆறு பேர் பிழைத்தார்கள். மூன்றாம் வகுப்பில் நாலுக்கு ஒருவரே பிழைத்தார்.

பைல்ஸ் சுவாமியார் வசதியான இடத்தில் உட்கார்ந்ததை யாரும் குற்றமாகச் சொல்லவில்லை. அதிலே உட்கார்ந்திருந்தும், கீழே இருக்கிறவர்கள் இன்னாரென்று ஆபத்து வருமுன்னே அவருக்குத் தெரிந்திருந்தது. காலையில் பூசைக்கு இறங்கிப் போனவர், இரவில் வழி தேடாமல் போனார். எனக்கோ நாலு வரிசை தாண்டிப் போகக் கால் வரவில்லை. வித்தியாசம் டிக்கெட்டில் இல்லை.

"அப்படியானால் எந்தச் செலவையும் ஏழைகளுக்கு எவ்வளவு கொடுத்திருக்கலாம் என்று கணக்குப் போட்டுத்தான் செய்யவேண்டுமா?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. பெத்தானியாவில் மரியாள் விலையேறப்பெற்ற பரிமளத் தைலத்தைச் சேசுநாதர் பாதத்தில் ஊற்றியபோது, இந்தக் கணக்கைப் போட்டவன் யூதாஸ். நம் ஆண்டவர் அவனைத்தான் கண்டித்தார், அவளை அல்ல. அன்பு சில வேளைகளில் கணக்குப் பாராமல் செலவழிக்கும். அதை வீணென்று சொல்லக்கூடாது. வெள்ளிவிழாவுக்கு மனைவியைச் சந்தோஷப்படுத்த நினைக்கும் கணவரை நான் யூதாஸின் வாயால் கண்டிக்கத் துணியேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அந்தத் தைலத்தை மரியாள் தன் தலையில் ஊற்றிக்கொள்ளவில்லை.

ஆகவே அந்தத் தம்பதிகளுக்கும், இப்படிப்பட்ட நிலையிலுள்ள மற்றவர்களுக்கும் என் பதில் இது. முதல் வகுப்பில் போவது தன்னிலே பாவமல்ல. ஆனால் டிக்கெட் வாங்குமுன் மூன்று கேள்விகளைச் சர்வேசுரன் சந்நிதியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலாவது, நான் கொடுக்கவேண்டிய கடனெல்லாம் கொடுத்தாயிற்றா? கடையில் வேலை செய்கிறவனுக்கு, வீட்டில் பாத்திரம் துலக்குகிறவளுக்கு, வயதான பெற்றோருக்கு, நியாயப்படி சேரவேண்டியது சேர்ந்துவிட்டதா? இல்லையென்றால் அந்த டிக்கெட் நம் பணத்தில் வாங்கினதல்ல.

இரண்டாவது, இந்தச் சௌகரியம் யாருக்காக? நோயாளிக்கா, வயோதிகருக்கா, அல்லது நான் அன்பு செய்யும் ஒருவரைச் சந்தோஷப்படுத்தவா? அப்படியானால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் அவருக்கு அது சந்தோஷந்தானா என்று முதலில் அவரையே கேளுங்கள். எனக்கே என்றால், நான் விரும்புவது காலை நீட்ட இடமா, அல்லது மற்றவர்கள் என்னைத் தாண்டிப் பின்னால் போகும்போது அவர்கள் பார்வையா?

மூன்றாவது, திரைக்கு அப்பால் இருக்கிறவரை நான் இனியும் பார்ப்பேனா? பார்க்க மனமுண்டானால் எங்கே உட்கார்ந்தாலும் ஆபத்தில்லை. பார்க்காமலிருப்பதற்காகவே பணம் கொடுக்கிறேன் என்றால், பின் இருக்கையில் போனாலும் எனக்கு ஆபத்துதான்.

இந்த மூன்றாவது கேள்விதான் நம் எல்லாரையும் தொடுகிறது. நமக்கு விமான டிக்கெட் வேண்டாம், நம் வீடுகளிலேயே முதல் வகுப்பு இருக்கிறது. வேலைக்காரிக்கென்று தனியாக ஒரு டம்ளர், ஜன்னலில் கவிழ்த்து வைத்திருக்கிறதே, அது என்ன வகுப்பு? நம் புறநகர்களில் எழும்பிக்கொண்டிருக்கும் அடுக்குமாடி வீடுகளில், வேலையாட்கள் இந்த லிப்டில் ஏறக்கூடாது என்று பலகை தொங்குகிறதே, அது என்ன வகுப்பு? கலியாணப் பந்தியில் காரில் வந்தவருக்கு ஓர் உபசாரம், பஸ்ஸில் வந்தவருக்கு ஓர் உபசாரம். கோவிலிலேயும் மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடம், கந்தை கட்டினவனுக்குக் காலடியில் இடம் என்று நடப்பதை அர்ச். யாகப்பர் தம் நிருபத்தில் வெகு கடுமையாகக் கண்டித்திருக்கிறார். அது அவர் காலத்தோடு முடிந்துவிட்டதா என்று நம் கோவில் பெஞ்சுகளைப் பார்த்துச் சொல்லுங்கள்.

இதை அச்சுக்குக் கொடுக்குமுன் அந்தத் தம்பதிகளுக்குப் படித்துக் காட்டினேன். கணவர் வெகுநேரம் பேசாமலிருந்தார். பிறகு மனைவியைப் பார்த்து, "சாமி சொல்கிறபடி உன்னையே கேட்கிறேன். உனக்கு என்னதான் வேண்டும்?" என்றார்.

அந்த அம்மாள் சொன்னாள்: "அந்த முன் இருக்கைகளுக்கு நடுவிலே தடுப்பு இருக்குமாமே. இருபத்தைந்து வருஷமாக நீங்கள் கடை, கடை என்று ஓடினீர்கள். அத்தனை மணி நேரம் நீங்கள் எங்கேயும் ஓட முடியாமல் என் பக்கத்திலே உட்கார்ந்திருப்பீர்கள். எனக்கு அது போதும்."

அவர் சிரித்தார். கண் கலங்கினதையும் பார்த்தேன். எந்த டிக்கெட் எடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை, நீங்களும் கேட்கவேண்டாம். அவர்கள் போகும் வழியில், நடு இருக்கையில் எழக் கூச்சப்படும் ஒரு தாயாரைக் கண்டால், எழுந்து வழிவிட்டு, "அம்மா, கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள்" என்று சொல்லும்படி மட்டும் கேட்டுக்கொண்டேன். எனக்காக அதைச் செய்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

சர்வேசுரன் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குச் சுவாமியார்